கோவலனுக்கு யோசனை சொல்பவர்

யோசனைக்காரரை அடையாளம் காண்பது எளிது. டி.வி. ஓடும்போது வீட்டில் மற்றவர்கள் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இவர் மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார். மற்றவர்கள் சீரியலைப் பார்ப்பார்கள். இவர் சீரியலோடு பேசுவார். "அந்தப் பாலைக் குடிக்காதடி... குடிக்காதடின்னா... குடிச்சிட்டா, போ!" "அவ சொல்றதை முழுசாக் கேட்டுட்டுத்தான் கோவிச்சுக்கயேன்டா!" "இத்தனை பெரிய விஷயத்தைச் சொல்லப் போறவ, போனை எதுக்கு மேசை மேல வெச்சுட்டுப் போறா?" வயதும் பாலினமும் இவருக்குத் தடையில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருப்பார். கல்லூரி விடுதியில் கொரியத் தொடர் பார்க்கும் மாணவனாக இருப்பார். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டியாகவும் இருப்பார். பாட்டியானால் இன்னொரு அடையாளமும் உண்டு. மருமகள் பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் கட்டம் வந்ததும், இலை குப்பை முறத்துக்கும் காம்பு பாத்திரத்துக்கும் போக ஆரம்பிக்கும். பேனாவையும் பத்திரத்தையும் மாமியார் முகத்தையும் கேமரா மும்மூன்று முறை காட்டி முடிப்பதற்குள் அரைக் கட்டுக் கீரை போயிருக்கும். நிஜ வாழ்க்கையில் இவர் பெரும்பாலும் வாயைத் திறக்காத ஆசாமி. அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னால் எதிர்க்கேள்வி கேட்பார்கள். சீரியலில் அந்தத் தொல்லை கிடையாது.

இவருடைய புகார் ஒற்றை வரிதான்: கதையில் வருகிறவர்களுக்கு மூளை இல்லை. இதை அவர் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறார். சலிப்பதும் இல்லை, சேனலை மாற்றுவதும் இல்லை. இந்தப் புகாரைக் கொஞ்சம் மரியாதையோடு விசாரித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. விசாரித்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. அவர் தொடுக்கும் வழக்கில் பாதி நிற்காது. ஆனால் அவர் தொடுக்கவேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. அதில் அவர் பக்கம் அசைக்க முடியாத நியாயம். அதைத் தொடுக்கத்தான் அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

முதலில் நிற்காத பாதி. பாலில் மாத்திரை கலந்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? சமையலறைக்குள் கேமராவோடு அவரும் போயிருந்தார், அதனால் தெரியும். கூடத்தில் உட்கார்ந்து டம்ளரை வாங்குகிற பெண் அங்கே போகவில்லை. வீட்டில் கொடுக்கிற பாலைச் சந்தேகிக்காமல் குடிப்பதற்கு மூளைக் குறைவு என்று பெயரிட்டால், நாட்டில் அறிவாளி ஒருவர்கூடத் தேறமாட்டார். இந்த வித்தையை இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு நடத்திய நீண்ட உரையாடலில் பட்டவர்த்தனமாகப் போட்டு உடைத்திருக்கிறார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை முன்னால் சொல்லாமல் வெடிக்கவைத்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடித் திகைப்பு. முன்னாலேயே காட்டிவிட்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைச் சாவகாசமாகப் பேசவிட்டால் கிடைப்பது 15 நிமிடப் பதைப்பு. அப்போது பார்க்கிறவர், பேச்சை நிறுத்துங்கள், கீழே குண்டு இருக்கிறது என்று திரையில் இருப்பவர்களை எச்சரிக்கத் தவிப்பார் என்கிறார் அவர். ஆக, நம் யோசனைக்காரர் தானாக முளைத்தவர் அல்லர், அளவெடுத்துச் செய்யப்பட்டவர். பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்றை அவர் காதில் போட்டுவிட்டு, அவர் கத்துவதற்காகவே காத்திருக்கிறார்கள். அவர் அதைத் தன் புத்திக்கூர்மை என்று எடுத்துக்கொள்கிறார்.

அதோடு, அவருக்கு முட்டாள்தனத்தின் மேல் பொதுவாக ஒரு பகை இருப்பதாகவும் தெரியவில்லை. 'தில்லு முல்லு' படத்தில் (1981) தேங்காய் சீனிவாசன் நடத்தும் கம்பெனியில், மீசை வைத்த ரஜினிகாந்தும் மீசை இல்லாத ரஜினிகாந்தும் இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்று அந்த முதலாளி நம்புகிறார். ஒரு நிறுவனத்தையே கட்டி ஆளுகிற மனிதருக்கு இதுகூடவா தெரியாது என்று எந்த யோசனைக்காரரும் நாற்காலி நுனிக்கு வந்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'பொன்னியின் செல்வன்' நாவலின் வந்தியத்தேவன் சங்கதி இன்னும் விசேஷம். போகிற இடமெல்லாம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டு, நுழையக்கூடாத அறைக்குள் நுழைந்து, யாரை நம்பக்கூடாதோ அவர்களிடம் ரகசியத்தை உளறுகிறான். அவனுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் முட்டாள் அல்ல, துடிப்பான பிள்ளை. ஒற்றை ஆளாக இருபது அடியாட்கள் நிற்கும் கிடங்குக்குள் போகும் கதாநாயகனைப் பார்த்து, "நாலு பேரைக் கூட்டிட்டுப் போப்பா" என்று யாரும் சொல்வதில்லை. கடைசியில் ஜெயித்துவிட்டால் துணிச்சல், தோற்றுவிட்டால் முட்டாள்தனம். யோசனைக்காரர் முடிவை எடைபோட்டுவிட்டு, யோசனையை எடைபோட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்.

அப்படியானால் இரவு எட்டரை மணித் தொடர்மீது அவர் கொட்டும் கோபமெல்லாம் வீணா? இல்லை. அவருக்கு நியாயம் கிடைக்கவேண்டிய இடமே அதுதான். சீரியல் என்பது கதை சொல்லும் கலை என்பதைவிடக் கதையை முடிக்காமலிருக்கும் கலை. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை ஓடியது. 'கோலங்கள்' 2003இல் தொடங்கி 2009இல்தான் ஓய்ந்தது. வாரத்தில் ஐந்தாறு நாள், விளம்பரம் போக இருபது சொச்சம் நிமிடம், வாராவாரம் வந்து நிற்கும் டி.ஆர்.பி. எண். இந்தச் சுமையை இழுக்கிற ஒரு தொடரில் கதாநாயகி உண்மையை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் எத்தனை பேருக்கு வேலை போகும்! ஆகவே அவள் சொல்லக்கூடாது. சொல்லாமலிருக்க அவளுக்குக் காரணம் இருக்கிறதா என்பது யாருக்கும் கவலை இல்லை. தொடருக்குக் காரணம் இருக்கிறது, போதும். உண்மை தெரிந்த இன்னொருவர் இருந்தால் அவர் மாடிப்படியில் உருண்டு கோமாவுக்குப் போவார். அதில் தப்பினால், "என் தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு" என்று ஒருவர் வந்து நிற்பார். அதிலும் தப்பினால் கதவுக்குப் பின்னால் நின்று பாதிப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த பாதி வருவதற்குள் அழுதுகொண்டே ஓடிவிடுவார். இந்த வாரம் மூத்த மருமகள் மூளையைக் கழற்றி வைப்பாள், அடுத்த வாரம் மாமனார், அதற்கடுத்த வாரம் வக்கீல். தொழிற்சாலை ஷிப்ட் மாதிரி முட்டாள்தனம் ஆள் மாறி ஆள் வரும். அந்த இடத்தில் யார் நின்றாலும் அதே தவறைத்தான் செய்தாக வேண்டும் என்றால், அது அந்த ஆளின் தவறே அல்ல. இதுதான் யோசனைக்காரர் தொடுக்கவேண்டிய வழக்கு. எதிரி அந்த மருமகள் அல்லள். அவள் வாயை அடைத்த கதாசிரியர்.

தவறு ஆளுக்கே சொந்தமா, கதைக்காக அவர் தலையில் கட்டியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி இருக்கிறது. கதைக்குள்ளேயே ஒரு யோசனைக்காரர் இருக்கிறாரா என்று தேடிப்பார்க்க வேண்டும். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்வோம், நம்மவர் நெடுநாளாகக் குமுறிவரும் கதை அது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். "உள்ளே என்ன பரல்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கதையே முடிஞ்சிருக்குமே!" என்பது அவருடைய வாதம். உண்மை, முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி ஏன் கேட்கப்படவில்லை என்பதற்கு இளங்கோ செய்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். அன்று அரசன் ஆடல் மகளிரின் கூத்தில் லயித்திருக்கிறான். அது பொறுக்காத அரசி தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். ஊடலைத் தணிக்க அரசன் அவள் அந்தப்புரத்தை நோக்கி அவசரமாகப் போகிறான். அந்த வாசலில் வந்து காலில் விழுகிறான் பொற்கொல்லன். அரசியின் தொலைந்த சிலம்பைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருக்கிறான் என்கிறான். மனைவியைச் சமாதானம் செய்யப் போகிற கணவனுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? விசாரணை நடத்தும் மனநிலையில் அந்த நேரத்தில் அவன் இல்லை. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவரும்படி நின்ற நிலையில் சொல்லிவிட்டுப் போகிறான். வேறொரு அரசன், வேறொரு மாலைப்பொழுது என்றால் இந்தத் தவறு நடந்திருக்காது.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இவனைப் பார்த்தால் திருடன் மாதிரி இல்லையே என்கிறார்கள். யோசனைக்காரரின் குரல் இது! ஈட்டியும் வாளுமாகக் கொலைக்களத்திலேயே வந்து நிற்கிறது. பொற்கொல்லன் அதைக் கேட்டுச் சும்மா இருப்பானா? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டு வித்தைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றுகிறான். ஒரு காவலன் தனக்கும் திருடனுக்கும் நேர்ந்த பழைய சம்பவம் ஒன்றை எடுத்துவிடுகிறான். இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, எழுத்தறிவில்லாத ஒரு குடிகாரக் காவலன் வாளை வீசிவிடுகிறான். வாதம் முடியவில்லை, உயிர் முடிந்துவிட்டது. சரியான யோசனை சரியான இடத்தில் சரியான நேரத்தில் சொல்லப்பட்டும் ஒரு மனிதன் சாகமுடியும் என்று காட்டிவிட்ட பிறகு, பார்க்கிற நமக்குச் சொல்ல என்ன மிச்சம்?

பழைய கதைகளில் இந்த ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. மாயமானைப் பார்த்ததும், இப்படி ஒரு மான் உலகத்தில் கிடையாது என்று லட்சுமணன் சொல்கிறான்; இந்த உலகத்தில் இல்லாதது என்று எதையும் சொல்லமுடியாது என்ற போக்கில் ராமன் பதில் சொல்வதாகக் கம்பன் பாடுகிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் ஆபத்து. இலங்கையில் விபீடணன் சொல்கிறான், கும்பகர்ணன் தூக்கத்திலிருந்து எழுந்துவந்தும் சொல்கிறான், ராவணன் கேட்கவில்லை. அஸ்தினாபுரத்தில் விதுரர் சூதாட்டம் குலத்துக்கு நாசம் என்கிறார். கடைசியில் அழைப்போலையைக் கொண்டுபோகும் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. எச்சரிக்கையும் அழைப்பும் ஒரே வாயிலிருந்து வந்தும் தருமன் கிளம்புகிறான், ஆட்டத்துக்கு அழைத்தால் மறுப்பதில்லை என்று. முதல் ஆட்டத்தில் நாடு, தம்பிமார், தான், மனைவி எல்லாம் போகின்றன. திரௌபதி எழுப்பிய கேள்விக்குச் சபையில் யாருக்கும் பதில் தெரியவில்லை; திருதராஷ்டிரன் நடுங்கிப்போய் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறான். பாதி வழியில் மறுபடி ஆள் வருகிறது, இன்னொரு ஆட்டம் ஆடலாம் வா என்று. போகிறான்! பன்னிரண்டு வருஷ வனவாசமும் ஒரு வருஷ அஞ்ஞாதவாசமும் இந்த இரண்டாவது ஆட்டத்தில் கிடைத்த பரிசு. சீரியல் எழுத்தாளர் இப்படி ஒரு காட்சி எழுதினால் நம்மவர் ரிமோட்டை உடைத்திருப்பார். ஆனால் தருமனைத் தவிர வேறு யாரையும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கமுடியாது. பீமனாக இருந்தால் அழைக்க வந்தவனின் கழுத்தை முறித்திருப்பான். உண்மையில் சபையிலேயே, சூதாடிய அண்ணனின் கைகளைக் கொளுத்த நெருப்புக் கொண்டுவா என்று சகாதேவனிடம் சொன்னவன் அவன். இந்தத் தவறில் தருமனின் கைரேகை இருக்கிறது.

ஒரு விஷயத்தில் யோசனைக்காரருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். "யோசனையைக் கேட்டிருந்தா உருப்பட்டிருப்பாங்க" என்பது அவருடைய அடிப்படை நம்பிக்கை. கைகேயி யோசனை கேட்டாள், கேட்டது கூனியிடம். ஒத்தெல்லோவும் யோசனை கேட்டான், சொன்னவன் இயாகோ. ராமன் முடிசூடுகிறான் என்றதும் மகிழ்ந்துபோய் மாலையைப் பரிசளித்த கைகேயி, தன் புத்திப்படி நடந்திருந்தால் தசரதன் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பான். யோசனைக்காரர்களிலும் இரண்டு வகை உண்டு என்பதை நம்மவர் வசதியாக மறந்துவிடுகிறார். ஒத்தெல்லோ கதையில் அவருக்குச் சீமையிலேயே ஒரு மூதாதை இருக்கிறார். தாமஸ் ரைமர் என்று பெயர், இங்கிலாந்தில் அரச வரலாற்றாசிரியர் பதவி வகித்தவர். 1693இல் அவர் ஒத்தெல்லோவைப் பிடித்துக் கிழித்தார். ஒரு கைக்குட்டைக்காக இவ்வளவா, மனைவிமார் தங்கள் துணிமணியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் இதன் நீதிபோலும் என்று கேலி செய்தார். படித்தவர்களும் நாற்காலி நுனிக்கு வருவார்கள் என்பதற்கு இது சாட்சி.

கதாசிரியர்கள் தரப்பில் ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும்: வாழ்க்கையில் மனிதர்கள் முட்டாள்தனமாக நடந்துகொள்வதில்லையா, கதையில் நடந்தால் மட்டும் ஏன் கோபம்? வாழ்க்கையில் நடக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. மோசடி நிதி நிறுவனம் ஒன்று மூடப்பட்டு ஊரே தலையில் கைவைத்த பிறகும், அடுத்த தெருவில் அதிக வட்டி தருவதாகத் திறக்கும் நிறுவனத்தில் வரிசை நிற்கிறது. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு: மகள் கல்யாணம், மைத்துனன் போட்டு ஒரு தடவை வட்டி வாங்கிவிட்டான், மேனேஜர் நம்ம ஊர்க்காரர். கதாசிரியரிடம் நாம் கேட்பது அந்தக் காரணத்தைத்தான். முட்டாள்தனம் வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? அது இல்லாவிட்டால் காப்பியங்களும் இல்லை, நம் மாலைப்பொழுதும் இல்லை. காரணம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். சீரியல் மருமகள் வாயைத் திறக்காததற்கு டி.ஆர்.பி.யைத் தவிர ஒரு காரணம் கொடுத்தால், பாட்டி திட்டுவதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பிப்பாள். திட்டலிலிருந்து அழுகைக்கு அவ்வளவுதான் தூரம்.

இத்தனை சொன்னதால் யோசனைக்காரர் திட்டுவதை நிறுத்தவேண்டும் என்று நான் கருதுவதாக நினைத்துவிடக் கூடாது. நம் மரபு அவரை ஒருநாளும் வாயை மூடச் சொன்னதில்லை; சம்பளம் கொடுத்து மேடையிலேயே வைத்திருந்தது. தெருக்கூத்தின் கட்டியக்காரன் வேறு யார்? ராஜா திரைக்குப் பின்னால் நின்று கர்ஜிக்கும்போது யார் நீ என்று கேட்பவன் அவன். துரியோதனன் மீசையை முறுக்கும்போது பக்கத்தில் நின்று கிண்டல் செய்பவன் அவன். சபையில் இருப்பவனாகவும் பாயில் உட்கார்ந்திருக்கும் ஊராரில் ஒருவனாகவும் ஒரே மூச்சில் இருப்பவன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்க்கிறவர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்று போன வருஷமே தெரியும், அதற்கு முந்தைய வருஷமும் தெரியும். இருந்தும் தருமன் காயை உருட்டும்போது கூட்டத்திலிருந்து குரல் வரும். பாரதியாரே பாஞ்சாலி சபதத்தில் தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடம் வந்ததும் கதையை நிறுத்திவிட்டுத் தருமனைக் கண்டிக்கிறார். மக்களை ஆட்டு மந்தையாக எண்ணிவிட்டானே என்று அவருக்கு ஆத்திரம். தமிழின் மகாகவி ஒருவர் நாற்காலி நுனிக்கு வந்த கணம் அது. அந்தக் காவியத்தின் முதல் பாகம் 1912இல் வெளிவந்தபோது நாட்டின் நிலைமையை நினைத்துப் பார்த்தால், அவர் தருமனை மட்டும் திட்டவில்லை என்பதும் விளங்கும்.

யோசனைக்காரருடைய கோரிக்கையை அப்படியே நிறைவேற்றிய படமும் ஒன்று வந்தது. 'பாபநாசம்' (2015). சுயம்புலிங்கம் எதையும் மறப்பதில்லை, எங்கேயும் உளறுவதில்லை, போனை மேசைமேல் விட்டுவிட்டுப் போவதும் இல்லை. போலீஸ் என்ன கேட்கும் என்று முன்கூட்டியே யோசித்து, மனைவிக்கும் பெண்களுக்கும் வரி வரியாகப் பாடம் நடத்துகிறார். இதெல்லாம் அவருக்கு வந்தது சினிமா பார்த்துப் பார்த்து. அதாவது அவரே ஒரு யோசனைக்காரர். தியேட்டரில் நம்மவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். போலீஸ் தேடும் பையன் செத்தது அவருக்குத் தெரியும். ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்லும் கதை இட்டுக்கட்டியது என்பதும் தெரியும். திரையில் பெற்ற தாய், மகன் எங்கே என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்கிறாள். "உண்மையைச் சொல்லேன்டி" என்று வருஷக்கணக்கில் மருமகள்களிடம் மன்றாடிய வாய். அன்றைக்கு இடைவேளைக்கு முன்பும் பின்பும் ஒரு சத்தம் இல்லை. சின்னப் பெண் எங்கே உளறிவிடுவாளோ என்ற கவலையில், சொல்லிடாதே, சொல்லிடாதே என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.